யாருடைய கதை?

கதை எழுதுகிறவனை வீட்டுக்குள் விடுவதில் ஓர் அபாயம் உண்டு. காபி சாப்பிட வருவான்; போகும்போது உங்கள் சித்தப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆறு மாதம் கழித்து ஏதாவதொரு பத்திரிகையில் அந்தச் சித்தப்பா வேறு பெயரோடும் வேறு மூக்கோடும் உலவிக் கொண்டிருப்பார். இருபது வருஷமாக நான் செய்து வரும் தொழில் இது. தெரிந்தவர்கள் பலர் என்னைக் கண்டதும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தட்டும். ஒருவருக்கு நடந்தது அவருக்கு மட்டுமே சொந்தம் என்று வைத்துக்கொண்டால் உலகத்தில் பாரதமும் இராது, பக்கத்து வீட்டு வம்பும் இராது என்பதுதான் எங்கள் கட்சி வாதம்.

ஆனால் எந்த வாதத்துக்கும் ஓர் எல்லைக்கல் உண்டு. என்னுடைய வாதத்துக்கு எல்லைக்கல் எங்கள் வீட்டு வாசற்படியிலேயே இருக்கிறது. அதன் உயரம் மூன்றரை அடி.

எங்கள் மகளை நாங்கள் தத்தெடுத்தோம். 2021 பிப்ரவரியில் அவள் எங்களிடம் வந்தபோது வயது ஒன்று, மாதம் இரண்டு. 2025 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அதற்கு முன் இரண்டு வருஷம் தெருக்கோடியில் ஒரு சின்னப் பள்ளிக்குப் போய்ப் பாட்டுப் பாடி, பாயில் தூங்கி எழுந்து வந்தாள். அதைப் பள்ளிக்கூடம் என்று கணக்கில் சேர்க்க அவளே சம்மதிப்பதில்லை. "அங்க பையே கிடையாதுப்பா" என்கிறாள். இப்போது பை இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். நாற்பது வீடுகளிலிருந்து நாற்பது விதமான கேள்விகள் வருகின்றன. ஒரு குழந்தையின் பிறப்பைப் பற்றிய உண்மை யாருக்குச் சொந்தம் என்று யோசிக்கும்படி என்னை உட்கார்த்தி வைத்தது இந்தப் பள்ளிக்கூடம்தான்.

அவளிடம் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்ற பிரச்னை எங்களுக்குள் எழவே இல்லை. பேச்சு வராத நாளிலிருந்தே சொல்லி வந்திருக்கிறோம். "நீ இன்னொரு அம்மா வயித்துல இருந்தே. அப்புறம் ஒரு பெரிய வீட்டுல, ஆயாகிட்ட இருந்தே. அப்புறம் நாங்க வந்து கூட்டிட்டு வந்தோம்." இரவில் படுத்துக்கொண்டு அவள் கேட்கும் கதைகளில் இதுவும் ஒன்று. நரி, காக்கை கதைகளைவிட இதற்குக் கொஞ்சம் மவுசு அதிகம். ஏனென்றால் இதில் அவள்தான் கதாநாயகி. நாங்கள் அவளை அழைத்து வந்த சமயம் கொரோனா காலம். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தோம். எங்கள் இருவரின் கண்களை மட்டுமே அவள் முதலில் பார்த்தாள். காரில் ஏறிய பிறகு என் மனைவி முகக்கவசத்தைக் கழற்றியதும் அவள் அழுகையை நிறுத்திவிட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை விட்டுவிட்டாலும் திருத்துவாள். மூக்கு இல்லாமல் அந்தக் கதை நகராது.

உறவுக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர் ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார். "ஏம்ப்பா, பச்சைக் குழந்தைகிட்ட இதையெல்லாம் சொல்லணுமா? பொய்யே வாய்மையாகிற இடமும் உண்டுன்னு வள்ளுவரே இடம் கொடுத்திருக்காரே!" என்றார்.

பெரியப்பாவோடு குறளில் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பு கிடையாது. இருந்தாலும், வள்ளுவர் அந்த இடத்தைச் சும்மா கொடுத்துவிடவில்லை. ஒரு நிபந்தனையோடு கொடுத்திருக்கிறார். அந்தப் பொய்யால் வருகிற நன்மை அப்பழுக்கில்லாததாக இருக்க வேண்டும். மகளிடம் மறைத்தால் நன்மை யாருக்கு? எங்களுக்கு. சங்கடமான ஒரு பேச்சிலிருந்து தப்பிக்கிறோம். 'நீங்கள் என் அம்மா அப்பா இல்லை' என்று அவள் என்றாவது கோபத்தில் சொல்லிவிடுவாளோ என்ற பயத்திலிருந்து தப்பிக்கிறோம். அவளுக்கு என்ன கிடைக்கிறது? பெண்ணுக்கு இருபது வயதாகிக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, பந்தலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் ஒரு தூரத்து அத்தை வாய் தவறி உளறும் ஒரு வாக்கியம் கிடைக்கிறது. இப்படி நடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம் ஊரில் தத்து என்கிற ரகசியத்தின் விசித்திரம் அது. தெருவுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், ஜோசியருக்குத் தெரியும். யாருடைய ரகசியமோ அவளுக்கு மட்டும் தெரியாது. திருட்டுப் போன நகையை ஊரே போட்டுக்கொண்டு நடமாட, உடையவள் மட்டும் மூளிக் கழுத்தோடு நிற்பது மாதிரி.

ஆகவே அவளிடம் சொல்வதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. மற்றவர்களிடம்? சந்தேகமெல்லாம் அங்கேதான்.

பள்ளியில் சேர்க்கும்போது ஒரு படிவம் தந்தார்கள். பிறப்புச் சான்றிதழின் நகலை இணைத்தோம். அதில் பெற்றோர் என்ற இடத்தில் எங்கள் பெயர்கள்தாம் இருக்கின்றன. சட்டம் இந்த விஷயத்தில் ரொம்பப் பெருந்தன்மையானது. பழைய இந்து சாஸ்திரத்தில் தத்து என்றால் பிள்ளைதான். கொள்ளி போடவும் சொத்தைக் காக்கவும் வேண்டிய ஏற்பாடு அது. பெண் குழந்தையைச் சட்டப்படி மகளாக்கிக்கொள்ள வழி திறந்தது 1956ஆம் வருஷத்துச் சட்டம். எங்கள் மகள் வந்தது 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ், நீதிமன்ற உத்தரவோடு. (2022 செப்டம்பரிலிருந்து அந்த உத்தரவைப் போடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் போய்விட்டது.) எந்தச் சட்டமானாலும் சாராம்சம் ஒன்றே: வயிற்றில் பிறந்த குழந்தைக்கு உள்ள உரிமையெல்லாம் இவளுக்கும் உண்டு. கதாசிரியர்கள் கூட இவ்வளவு துணிச்சலாக ஒரு முடிவை எழுத மாட்டார்கள். சட்டம் எழுதிவிட்டது, அச்சிட்டு முத்திரையும் வைத்துவிட்டது.

எனவே அந்தப் படிவத்தை நிரப்புவதில் தடங்கல் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'குடும்பத்தில் பரம்பரை நோய்கள்.' நான் 'தெரியாது' என்று எழுதினேன். அலுவலகத்தில் இருந்த பெண் தலையை நிமிர்த்தினாள்.

"தெரியாதுன்னா எப்படி சார்? உங்களுக்கு சுகர் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப அதை எழுதுங்க."

"அது எனக்குத்தானேம்மா இருக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சர்க்கரை வியாதி தலைக்கு ஏறும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டிருப்பாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு விளங்கியிருக்கும். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வெட்கமா? இல்லை. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. பின்னே ஏன் சொல்லவில்லை? என் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றவளை நான் கேட்கவில்லை, அதனால். கேட்டிருந்தாலும் ஐந்தரை வயதுக் குழந்தை என்ன பதில் சொல்லும்? 'சொல்லுப்பா' என்றால் அது சம்மதமாகிவிடுமா? பதினைந்து வயதில் அவள் அதே பதிலைத்தான் சொல்வாள் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

வகுப்பு ஆசிரியையிடம் சொல்ல வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதே பேச்சு.

"வகுப்புல 'யார் யாரை மாதிரி இருக்கீங்க, அப்பா மாதிரியா அம்மா மாதிரியா'ன்னு டீச்சர் கேப்பாங்க. நம்ம பொண்ணு எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்லுவா. அவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா பதறாம இருப்பாங்க, இல்லீங்களா?" என்றாள் அவள்.

"தெரிஞ்சிருந்தா அவங்க மத்த டீச்சர்கிட்ட சொல்லுவாங்க. மத்த டீச்சர் வேன்காரர்கிட்ட சொல்லுவார்" என்றேன் நான்.

இந்தத் தர்க்கத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு மைனரின் சொத்தைக் காப்பவருக்கு என்ன விதியோ அதுவே எங்களுக்கும். சொத்தை விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று சந்தேகம் வந்தால் கார்டியன் என்ன செய்வார்? பின்னால் மாற்ற முடியாத காரியத்தைச் செய்ய மாட்டார். உலகத்திடம் இன்று சொல்லாததை நாளைக்கு அவளே சொல்லிக்கொள்ளலாம். சொல்லிவிட்டதைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே உலகத்திடம் அடக்கம் வேண்டும். ஆனால் அவளிடம் இதே விதியை வைத்துப் பாருங்கள், அப்படியே தலைகீழாகிவிடுகிறது. அவளிடம் இன்று மறைத்ததை நாளைக்குச் சொன்னாலும், மறைத்த வருஷங்களைத் திரும்ப வாங்க முடியாது. கழிந்துபோன ஒவ்வொரு பிறந்த நாளையும் அவள் மறுபடி எடுத்துப் பார்த்து, இதுவும் நடிப்புத்தானா என்று கேட்பாள். ஒரே நியாயம் அவளிடம் எல்லாவற்றையும் சொல் என்கிறது. ஊரிடம் வாயை மூடு என்கிறது. நம் குடும்பங்களில் காலங்காலமாக இரண்டையும் மாற்றிச் செய்து வந்திருக்கிறோம்.

கடைசியில் என் மனைவி சொன்னபடியே நடந்தது. ஆசிரியையிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். எங்கேயும் எழுதி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அந்த அம்மாள் கெட்டிக்காரி. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டாராம்.

மூடி வைக்க விரும்புகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், பறைசாற்ற விரும்புகிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் நல்லவர்கள், அதுதான் சங்கடம். எதிர் வீட்டு அம்மாள் விருந்தாளிகளை அழைத்து வருவார். "இவங்கதான் நான் சொன்னேனே... எவ்வளவு பெரிய மனசு பாருங்க! கோடி புண்ணியம்!" என்பார், குழந்தை அங்கேயே நின்று முறுக்குத் தின்றுகொண்டிருக்கும்போது. எனக்கு வரும் கோபத்தைக் காட்டினால் அநியாயம், காட்டாமலிருப்பது கஷ்டம். புண்ணியம் எங்கிருந்து வந்தது? எங்களுக்குக் குழந்தை வேண்டும் என்று இருந்தது; வரிசையில் நின்றோம். அது லேசுப்பட்ட வரிசையும் இல்லை. மத்திய அரசின் தத்து ஆணையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு நாடு முழுவதும் பல்லாயிரம் தம்பதிகள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2023-24ஆம் வருஷத்தில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாகத் தத்துப் போன குழந்தைகள் மொத்தம் சுமார் 4,000 பேர்தான். ரயிலில் இடம் கிடைத்தவனைப் பார்த்து, ரயிலுக்கு இவன் செய்த உபகாரத்தைப் பார் என்று யாராவது சொல்வார்களா?

புண்ணியம் என்ற சொல்லை அந்த இடத்தில் போட்டால், கொடுத்தவர் நாங்கள், வாங்கியவள் அவள் என்றாகிறது. வாங்கியவள் நன்றி காட்ட வேண்டும். சாப்பாட்டில் கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கும்போதும், கணக்குப் பாடத்தில் மார்க் குறையும்போதும், 'இவ்வளவு செய்தவர்களுக்கு இதுவா கைம்மாறு' என்று ஒரு கண் பார்க்கும். சொந்தப் பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்கினால் அது வெறும் கத்தரிக்காய் விஷயம். எங்கள் மகளுக்கும் அந்தச் சாதாரண உரிமை வேண்டும் என்பதற்காகத்தான் எதிர் வீட்டு அம்மாளிடம், ஒரு நாள், குழந்தை இல்லாத நேரத்தில், பக்குவமாக எடுத்துச் சொன்னாள் என் மனைவி. அந்த அம்மாள் கண் கலங்கினார். பிறகு அதையும் நாலு பேரிடம் சொன்னார்.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. எங்கள் மகள் வந்த பிறகு அதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. சாலி என்ற பெண் குமரிக்கு நீராட வரும் வழியில் பெற்ற குழந்தையை இருட்டில் ஒரு தோட்டத்தில் விட்டுப் போகிறாள். ஒரு பசு ஏழு நாள் பால் சொரிந்து அதைக் காக்கிறது. வயனங்கோட்டு இளம்பூதி என்ற வேதியன் கண்டெடுத்து, தன் மகனென்று கொண்டாடி, வேதம் படிக்க வைக்கிறான். ஒரு நாள், வேள்விக்காகக் கட்டியிருந்த பசுவைப் பையன் அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறான். பிடித்து அடிக்கிறார்கள், வாதாடுகிறான். வாதத்தில் அவனை மடக்க முடியாமற் போனபோதுதான் ஒரு கிழவர் எழுந்து, இவன் பிறப்பு எனக்குத் தெரியும் என்று ஆரம்பிக்கிறார்.

கவனிக்க வேண்டியது அந்த நேரத்தைத்தான். கிழவருக்கு விஷயம் வெகு நாளாகத் தெரியும். பையன் ஒழுங்காக வேதம் சொல்லிக்கொண்டிருந்த காலமெல்லாம் அது அவர் மடியில் பத்திரமாக இருந்தது. அவன் எதிர்த்துப் பேசிய அன்று வெளியே எடுத்தார். ஆபுத்திரன் என்னவோ சிரித்துவிட்டு, வசிட்டரும் அகத்தியரும் யார் பிள்ளைகள் என்று அவர்களையே திருப்பிக் கேட்கிறான். அவன் பெரியவன், சிரிக்கிறான். ஆனால் வளர்த்த தகப்பன் அவனை வீட்டை விட்டுத் துரத்திவிடுகிறான். அப்புறம் அவன் பிச்சைப் பாத்திரத்தில் ஊரார் கல்லைப் போடுகிறார்கள். பின்னாளில் அதே கையில் அமுதசுரபி வந்து, அவன் ஊருக்கெல்லாம் சோறு போட்டான் என்று கதை மேலே போகிறது. நான் அந்தத் தகப்பனிடமே நின்றுவிடுகிறேன். மகன் எங்கே பிறந்தான் என்பது இளம்பூதிக்குத் தெரியாததா? தோட்டத்திலிருந்து எடுத்து வந்தவனே அவன்தானே! சபையில் வேறொருவர் வாயால் கேட்டதும், தான் கையால் எடுத்த குழந்தை அவனுக்கு அந்நியமாகிவிட்டது. அந்நியர் மடியில் இருக்கும் நம் குழந்தையின் கதைக்கு அவ்வளவு சக்தி.

கர்ணன் விஷயம் வேறு மாதிரி. வியாச பாரதத்தில், உத்தியோக பருவத்தில், போருக்கு முன் கண்ணன் அவனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய் அவன் பிறப்பைச் சொல்கிறான். குந்தியும் பிறகு வந்து சொல்கிறாள். இருவருமே சரியாகத் தங்களுக்கு வேண்டிய நேரத்தில் வருகிறார்கள். அவனுக்கு வேண்டியிருந்த காலத்தில் யாரும் வரவில்லை. கர்ணன் ராதையை விட்டுக்கொடுக்க மறுக்கிறான். என் மலஜலம் எடுத்து வளர்த்தவள் அவள் என்கிறான். அதோடு ஒரு காரியமும் செய்கிறான்: இதை யுதிஷ்டிரனிடம் சொல்லாதே என்று கண்ணனைக் கேட்டுக்கொள்கிறான். அத்தனை பேர் கை மாறி வந்த தன் பிறப்பின் மீது கர்ணன் ஒரு தடவை எஜமானத்துவம் கொண்டாடியது அங்கேதான் என்று எனக்குத் தோன்றும். யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்று அவன் தீர்மானித்தான். கண்ணனும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். என் மனைவி ஜோசியம் சொன்னபடி, பள்ளி தொடங்கிய மூன்றாம் வாரத்திலேயே எங்கள் மகள் வகுப்பில் தன் கதையைச் சொல்லிவிட்டாள். முகக்கவசம், மூக்கு ஒன்றும் விடவில்லை. கொரோனா பற்றி ஆசிரியைக்கு ஞாபகப்படுத்தவும் செய்தாளாம். அன்று சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் வந்து கேட்டாள்:

"அம்மா, நிஜ அம்மான்னா என்ன?"

"யாரு கேட்டாங்க?"

"பக்கத்துல உக்கார்ற பொண்ணு. உன் நிஜ அம்மா எங்கன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"எங்கம்மா வீட்டுல கீரை ஆயுறாங்கன்னு சொன்னேன்."

அந்த நிமிஷத்தில் என் மனைவியின் கையில் கீரை இருந்தது தற்செயல். பள்ளியில் மதியம் சொன்ன பதிலுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் கீரைதான்.

"இன்னொரு அம்மாவும் நிஜம்தான். அவங்களும் பொய் இல்லை. நானும் பொய் இல்லை. என்னைக் கிள்ளிப் பாரு" என்றாள் என் மனைவி. மகள் கிள்ளிப் பார்த்தாள். கொஞ்சம் பலமாகவே கிள்ளிவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திராது. ஒரு மாதம் போயிருக்கும். வேன் நிற்கிற இடத்தில் இன்னொரு குழந்தையின் தாய் என் மனைவியிடம், "உங்க பொண்ணு ஆபரேஷன்லதான் பிறந்தாளாமே? இவகிட்ட சொன்னாளாம். உங்க வயித்துல தழும்பு இருக்காமே!" என்று ஆதரவாக விசாரித்திருக்கிறார். என் மனைவிக்குத் தழும்பு இருப்பது உண்மை. அது குடல்வால் எடுத்த தழும்பு.

எனக்கு இது பெரிய அடியாக இருந்தது. உண்மை, உண்மை என்று பேச்சு வராத நாளிலிருந்து சொல்லி வளர்த்தோமே, முதல் சந்தர்ப்பத்திலேயே பொய்யா? கூப்பிட்டு உட்கார வைத்து நல்ல வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். என் மனைவி தடுத்தாள்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு."

"அவ கதை அவளோடதுன்னு நீங்கதானே ரெண்டு நாள் தூங்க விடாம பேசினீங்க? இப்ப அவ ஒரு தடவை அவ இஷ்டத்துக்குச் சொல்லிப் பாக்குறா. நம்மகிட்டயா பொய் சொன்னா?"

உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்வது? ஆனால் கேள்வி உட்காரவில்லை. ஒருத்தியின் கதை அவளுக்குச் சொந்தம் என்றால், அதைப் பொய்யாகச் சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டா? பொய் பொய்தான் என்று பாடப் புத்தகம் சொல்லும். ஆனாலும் கேட்கிறவருக்கு அந்த உண்மையைப் பெற என்ன பாத்தியதை இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? கடன் கொடுத்தவனிடம், 'பணம் இல்லை' என்று சொல்வதும், வழியில் போகிறவன் 'பையில் எவ்வளவு' என்று கேட்டதற்கு, 'ஒன்றுமில்லை' என்று சொல்வதும் ஒன்றாகிவிடுமா? இன்னொரு பக்கமும் யோசிக்கிறேன். நரியைப் பற்றி அவள் பொய் சொன்னால் கற்பனை என்று மகிழ்ந்து போயிருப்பேன். எழுத்தாளன் மகள் அல்லவா என்று நாலு பேரிடம் பெருமையடித்திருப்பேன். இந்தப் பொய்யில் மட்டும் எனக்கு வலிப்பானேன்? அவள் அந்தக் காரை, அந்த முகக்கவசத்தை, மூக்கை, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மற்றக் குழந்தைகளிடம் இருக்கிற ஒரு தழும்பை வாங்கிக்கொள்ள விரும்பினாளே என்பதுதான் வலி. அது அவள் தவறும் இல்லை, அந்தக் குழந்தைகளின் தவறும் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்குத்தானே சீருடை?

அப்புறம் ஒரு வாரத்தில் 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரைந்து வரச் சொன்னார்கள். மரம் வரைந்து, இலைக்கு ஒரு பெயர் எழுத வேண்டும். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா, அம்மா, இரண்டு பாட்டிகள், செத்துப் போன தாத்தா, ஊரில் இருக்கிற பெரியப்பா. பிறகு ஒரு இலையில் 'ஆயா' என்று எழுதினாள். இன்னொரு இலையை வரைந்து, பச்சை வர்ணம் பூசி, பெயர் எழுதாமலே விட்டுவிட்டாள். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. மரத்தில் காலி இலைகள் இருப்பதும் உண்டு. வெறுமே கை சலித்துப் போயும் இருக்கலாம்.

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் ஒரு கோப்பு இருக்கிறது. அவளைப் பற்றி எங்களிடம் ஒப்படைக்கும்போது கொடுத்த மருத்துவ அறிக்கையும் மற்றக் காகிதங்களும் அதில் உண்டு. இப்படிப்பட்ட கோப்புகளில் சிலவற்றில் நிறைய எழுதியிருக்கும். சிலவற்றில் ஒன்றுமே இராது. 1992இல் சேலத்தில் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, பெயர் சொல்லாமல் குழந்தையை விட்டுப் போகலாம் என்பதே அதன் கருணை. அந்தத் தொட்டில்களில் கிடந்த குழந்தைகளின் கோப்புகள் மெலிந்தவை. குழந்தைகள் நலக் குழுவிடம் நேரில் வந்து எழுதிக் கொடுக்கிற தாய்மார்களும் உண்டு. மனசு மாறித் திரும்ப வந்து கேட்க அவர்களுக்கு அறுபது நாள் அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த அறுபது நாளில் எத்தனை பேர் எத்தனை தடவை பஸ் நிலையம் வரைக்கும் வந்து திரும்பிப் போனார்களோ, அதை எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை. எங்கள் மகளின் கோப்பு எந்த ரகம் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

2022ஆம் வருஷத்துத் தத்து ஒழுங்குமுறைகளில் ஒரு விதி இருக்கிறது. தத்துப் போன குழந்தை தன் வேரைத் தேட விரும்பினால், பதினெட்டு வயதுக்கு மேல் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குள் என்றால் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டும். மூன்றாம் மனிதர் யாரும் கேட்க முடியாது. பெற்ற தாயின் அந்தரங்கத்தையும் மீறக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். சர்க்கார் காகிதங்களில் இலக்கியம் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. இந்த விதியை மட்டும் இரண்டு மூன்று தடவை படித்தேன். கதை குழந்தையுடையது, அதில் பாதி இன்னொரு பெண்ணுடையது, தத்தெடுத்த நான் உடன் கையெழுத்துப் போடுகிறவன் மட்டும் என்று அந்த வரிகளுக்கு அர்த்தம் செய்துகொண்டேன்.

அந்த இன்னொரு பெண்ணைப் பற்றி நான் யோசிக்காமல் இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். மகளின் பிறந்த நாளன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு யோசனை வரும். யோசனை வந்தால் எனக்கு வாக்கியமாகத்தான் வரும். அவளுக்கு ஒரு வயது கொடுப்பேன், ஒரு ஊர், ஒரு புடவை. மழை பெய்ய வைப்பேன். மேஜையில் பேனா இருக்கும். இருபது வருஷப் பழக்கம்; கை தானாகக் காகிதத்தை இழுக்கும். நான் எழுதிய எந்தக் கதையையும்விட அது நன்றாக வரும் என்பதும் எனக்குத் தெரியும். பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ஒரு தடவை ஜாடையாகக் கேட்கவும் செய்தார், தீபாவளி மலருக்கு. ஆனால் நான் கற்பனையாக ஒரு தாயை எழுதி அச்சேற்றிவிட்டால், மகள் வளர்ந்து வாசிக்கும்போது அந்தப் பொய்த் தாய் அங்கே உட்கார்ந்திருப்பாள். உண்மையானவள் வந்தாலும் அவளுக்கு இடம் இராது. ஆகவே எழுதவில்லை. இனியும் எழுதுவதாக இல்லை.

அப்படியானால் இந்தக் கட்டுரையை மட்டும் எந்த நியாயத்தில் எழுதினாய் என்று நீங்கள் கேட்கலாம். இதில் அவள் பெயர் இல்லை, பள்ளியின் பெயர் இல்லை, எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பது இல்லை. காரும் மூக்கும் அவளே வகுப்பில் எல்லோருக்கும் சொன்னவை. தழும்பு என் மனைவியுடையது, அவள் அனுமதித்தாள். எழுதி முடித்து அவளிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, பென்சிலை வாங்கி, இரண்டு பாராக்களை அடித்தாள். அவற்றில் ஒன்று கட்டுரையிலேயே நன்றாக வந்திருந்த பகுதி என்று முறையிட்டேன். "அதனாலதான் அடிச்சேன்" என்றாள். அந்த இரண்டு பாராக்களும் இங்கே இல்லை.